பொச்சாப்பும் அறளையும்

மறதியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. மறவி, பொச்சாப்பு என நூல்களில் வருவன சில. அறளை எனப் பேச்சில் வருவது ஒன்று. இவை யாவும் ஒரே பொருளன அல்ல. மறந்தவரைக் கடிவதா, அவர்பால் இரங்குவதா என்பதைப் பெரும்பாலும் அச்சொல்லே தீர்மானித்து விடுகின்றது. முதுமையில் மூளையைப் பற்றும் மறதிநோய் பல இல்லங்களை வருத்தும் இந்நாளில், இச்சொற்களின் பொருளெல்லையை ஆராய்தல் வெறும் அகராதிப் பணியன்று. நோயாளியையும் அவரைப் பேணுவோரையும் காக்கும் பணியுமாகும்.

திருக்குறளில் மறதியைக் கண்டிக்கும் இடங்களுள் மூன்று கருதத்தக்கன. செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரம் பெற்ற உதவியை மறப்பதைப் பெரும்பிழையாகக் கூறும். மடியின்மை அதிகாரம் காலந்தாழ்த்தல், சோம்பல், உறக்கம் என்பவற்றோடு மறதியையும் சேர்த்துக் கெடுவார் விரும்பி ஏறும் கலன்களுள் ஒன்றாக எண்ணும். 54ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமையோ பத்துக் குறளையும் இதற்கே உரித்தாக்கியது. ஆயின், அங்குக் கண்டிக்கப்படுவது எவ்வகை மறதி? செல்வம், ஆற்றல் முதலியவற்றாற் களித்துக் கடமையைக் கைவிடும் மறதியே அது என்பது பரிமேலழகர் உரையாற் பெறப்படும். நினைக்க வல்லவன் நினையாதொழிதலே குற்றம். நினைக்கும் கருவியே பழுதுற்றவன் அவ்வறத்தின் எல்லைக்குள் வாரான்.

இவ்வேறுபாடு இல்லங்களில் எளிதில் விடுபட்டுப் போகின்றது. உண்ட சிறுபொழுதிலேயே, தனக்கு எவரும் சோறு தரவில்லை என்று அயலாரிடம் முறையிடுகின்றாள் ஒரு தாய். அதனைக் கேட்கும் மருமகள் நன்றி கொன்ற சொல்லாகவே அதனைக் கொள்கின்றாள். மகனின் பெயரை மறந்த தந்தை பாசமற்றவர் எனப்படுகின்றார். வள்ளுவர் அறிவுடையார்க்குக் கூறிய கண்டனம் நோயுற்றார் மேல் ஏற்றப்படுகின்றது. இது குறளின் குறையன்று. கற்றோர் அதனை வாழ்க்கையிற் பொருத்திய முறையின் குறையாகும்.

நோயின் இயல்பை அறிந்தால் இப்பழி நீங்கும். 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் அலோய்ஸ் அல்ஸைமர், நினைவு தடுமாறி இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்தார். நரம்பணுக்களிடையே படிவுகளையும், அவ்வணுக்களுள் முறுக்குண்ட இழைகளையும் கண்டார். 1910இல் எமில் கிரெப்பெலின் அந்நோய்க்கு அவர் பெயரையே இட்டார். புதிய நினைவைப் பதிக்கும் பகுதி பெரும்பாலும் முதலிற் கேடுறுவதால், காலையில் உண்டது மறக்கும்; ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய திருமணம் நினைவில் நிற்கும். ஆகவே, “பழையதெல்லாம் நினைவிருக்கின்றதே, இது நடிப்பு” என்று கூறுவது, நோயின் அடையாளத்தையே சான்றாகக் காட்டி நோயாளியைத் தண்டிப்பதாகும்.

யாழ்ப்பாணப் பேச்சில் வழங்கும் ‘அறளை பெயர்தல்’ என்னுந் தொடர் இக்குற்றச்சாட்டினின்றும் முதியவரை விடுவிக்கின்றது. அதன் கருணை போற்றத்தக்கது. ஆயின், வயது வந்தால் இப்படித்தான் என்று அது ஆராய்ச்சியையும் முடித்து விடுகின்றது. இலங்கையில், ராகமைப் பகுதியில், 65 வயதும் அதற்கு மேலுமான 703 பேரிடை நிகழ்த்தப்பெற்று 2003இல் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடமே இத்தகைய அறிவிழப்பைக் கண்டது. வயது ஏறுந்தோறும் இவ்வீதம் உயருமாயினும், இது முதுமையெய்திய யாவர்க்கும் உரியதன்று என்பது தெளிவு. மேலும், தைரொயிட் சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியனவும் இந்நோய் போலவே தோன்றலாம். அவற்றுட் பல வைத்தியத்தால் திருந்தக் கூடியன. அறளை என்று கூறி மூலையில் இருத்தப்பட்டோருள் இத்தகையோரும் இருத்தல் கூடும்.

பழைய இலக்கியத்தில் முதுமையைப் பாடிய பாட்டென்றால் புறநானூற்றின் 243ஆம் செய்யுளே உடன் நினைவுக்கு வரும். தொடித்தலை விழுத்தண்டினார் இளமையில் நீர்த்துறை மரத்திலேறி ஆழ்நீரிற் குதித்து மணலை அள்ளி வந்ததையும், இன்று இருமலிடையே சில சொற்கூறித் தண்டூன்றி நிற்பதையும் ஒப்பிட்டு வருந்துகின்றார். இதனை மறதிநோய்க்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. அப்புலவர்க்கு உடல் தளர்ந்தது, நினைவு தளரவில்லை. தம் இழப்பை அவரே அளந்து கூறுகின்றார். மறதிநோயாளர்க்கோ நாளடைவில் அவ்வாற்றலும் குன்றுகின்றது. அவருடைய துயரை அருகிருப்பவரே சொல்லியாக வேண்டும். ஆகவே இப்பொருளைப் பாட விரும்பும் தமிழ்ப் புலவர்க்குப் புதியதொரு கடமை உண்டு: முதியவரின் குரலோடு பேணுபவரின் குரலையும் அவர் கேட்பித்தல் வேண்டும்.

அண்மைத் திரைப்படங்கள் இத்துறையில் அடியெடுத்து வைத்துள்ளன. மணிரத்னத்தின் ‘ஓ காதல் கண்மணி’ (2015) நோயுற்ற பாடகியான மனைவியைக் கணவர் பேணும் கனிவைக் காட்டியது. ராதாமோகனின் ‘60 வயது மாநிறம்’ (2018) காணாமற்போன தந்தையைத் தேடும் மகன், தேடலினூடே அவரை முதன்முறையாக அறிந்து கொள்வதைச் சித்திரித்தது. இரண்டும் பாராட்டத்தக்கன. எனினும், முன்னையதில் இந்நோய் இளையோர் காதலுக்குப் பின்னணியாகின்றது. பின்னையதில் தேடலின் பரபரப்பே மேலோங்குகின்றது. கண்டெடுத்தபின் வரும் நீண்ட இரவுகள், உடைமாற்றல், ஒரே வினாவுக்கு நூறு முறை விடையளித்தல் ஆகியன இன்னும் எழுதப்படவேண்டியனவாகவே உள்ளன.

கண்டியையும் அதன் சூழலையும் நோக்கின் அவ்வெழுத்தின் தேவை புலனாகும். சரிவிலமைந்த வீடுகளின் படிகளும், நகர் நடுவே விளங்கும் வாவியும், வழிதப்பி அலையும் முதியவர்க்கு இடர் தரக்கூடியன. தோட்டத்து லயத்தின் ஒற்றையறையில் நோயாளிக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், விடியலிற் கொழுந்து பறிக்கச் செல்லும் மகளுக்கும் ஒரே இரவுதான் உண்டு. நினைவைச் சோதிக்கும் வினாக்கள் மொழியையும் எழுத்தறிவையும் சார்ந்தவை. பின்னர்க் கற்ற சிங்களம் நழுவித் தாய்மொழி மட்டும் எஞ்சிய மூதாட்டி, வினா விளங்காமையால் தவறினாரா, நோயினால் தவறினாரா என்பதைப் பிரித்தறியத் தமிழறிந்தவர் ஒருவர் வைத்தியர் அருகில் இருத்தல் இன்றியமையாதது. பெற்றோரைப் புறக்கணித்தலாகாதென 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் விதித்தது. பராமரிப்புப் பணம் பெறவும் வழி செய்தது. ஆயின், இரவு விழிப்பைப் பங்கிடச் சட்டத்தால் இயலாது. இந்நோயாளர்க்குக் கூலியின்றி ஆற்றப்படும் பராமரிப்பு நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது என உலக சுகாதார நிறுவனம் கூறும். மகனின் கடனென்று மேடையிற் போற்றப்படுவது மனையில் மருமகளின் தோளிலும் மகளின் தோளிலும் தங்கியுள்ளது.

பழியும் கைவிடலும் அல்லாத மூன்றாவது நோக்கு ஒன்றும் தமிழ் மரபிலேயே உண்டு. திருப்பாண்டிக்கொடுமுடிப் பதிகத்தில் சுந்தரர், தாம் இறைவனை மறந்தாலும் தம் நா திருவைந்தெழுத்தை மறவாது சொல்லும் என்கின்றார். அவர் கூறியது பக்தியின் உறுதி, நோயின் இலக்கணமன்று. ஆயினும், பெயரும் முகமும் மறந்த முதியவருட் பலர் இளமையிற் பழகிய பாடலைக் கேட்டதும் உடன்பாடுவதை இன்று வைத்திய உலகமும் கவனித்து வருகின்றது. மறந்தவரிடத்தும் மறவாத ஒன்று எஞ்சியிருக்கும் என்னும் இந்நோக்கே இல்லத்தார்க்கு வேண்டுவது. மாணவர் தம் இல்லத்து முதியவரிடம் மாற்றங் காணின், முதலில் அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்க. அடுத்துத் தாயின் இரவு விழிப்பில் ஒரு பங்கைத் தாம் ஏற்க. ஓய்ந்த வேளையில் முதியவர் அருகமர்ந்து அவர் அறிந்த தேவாரம் ஒன்றைப் பாடுக. பொச்சாவாமை என்னும் அறம் இவ்விடத்தில் முதியவர்க்கு உரியதன்று; அவரை மறவாதிருக்க வேண்டிய இளையோர்க்கே உரியது.