அல்-பாத்தின்: மறைவு யாருடைய சொத்து?

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ அல்லாஹ்வின் தொண்ணூற்றொன்பது பெயர்கள் பக்கம் திரும்பியிருந்தது. அவற்றில் ஒன்று 'அல்-பாத்தின்', மறைந்திருப்பவன் என்று நண்பர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற, தோல்ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு தோழர் குறுக்கிட்டார்: "மறைஞ்சிருக்கறவருன்னா எல்லாருக்கும்தானே பாய் மறைஞ்சிருக்கணும்? அப்புறம் எப்படி சில பேருக்கு மட்டும் அவரு என்ன நெனைக்கறாருன்னு கரெக்டா தெரியுது?"

சிரித்தோம். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. மறைவு என்கிற கருத்தாக்கத்தைச் சுற்றி எத்தனை அதிகாரங்கள் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைத்தான் அவர் கேட்டார்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் மூன்றாம் வசனத்தில் நான்கு பெயர்கள் இரண்டு இரண்டாக வருகின்றன: அவ்வல், ஆகிர், ளாஹிர், பாத்தின். முதலும் முடிவும், வெளியும் உள்ளும். பாத்தின் என்ற சொல்லின் வேரிலேயே 'பத்ன்' இருக்கிறது. அரபியில் அதற்கு வயிறு என்று பொருள். ளாஹிரின் வேரில் 'ளஹ்ர்', அதாவது முதுகு. (சூரியன் உச்சியில் நின்று எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கும் நேரத்துத் தொழுகையை 'ளுஹர்' என்று தினமும் சொல்கிறோமே, அதுவும் இதே வேர்தான்.) தாய்மாரின் வயிறுகளிலிருந்து ஒன்றுமறியாதவர்களாக நாம் வெளியே வந்ததைப் பேசும் 16ஆம் அத்தியாயத்து வசனத்தில் வயிறுகளைக் குறிப்பதும் இச்சொல்லின் பன்மையே. ஆக, பெரிய தத்துவச் சொல்லாக நாம் பயந்து பார்க்கிற இது உடம்பிலிருந்து பிறந்த சொல். மறைவு என்றதும் திரைக்குப் பின்னால், மலைக்கு அப்பால், ஏழாம் வானத்துக்கு மேலே என்று கற்பனை ஓடுகிறது. வயிறு அப்படியா? அது நம்மோடேயே இருக்கிறது. நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

டீக்கடைத் தோழருக்கு இதை நான் தோலை வைத்துச் சொன்னேன். தோலுக்கு முடிப்பக்கம் ஒன்று, சதைப்பக்கம் ஒன்று. ரெண்டும் சேர்ந்துதான் ஒரு தோல். சந்தையில் விலை பேசுகிறவன் மேல்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறான். சதைப்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தவனின் கை யாருக்கும் தெரிவதில்லை. அந்தக் கைகளை எழுத்துக்குக் கொண்டுவர டி. செல்வராஜின் 'தோல்' நாவல் வரவேண்டியிருந்தது. அதற்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்த பிறகுதான் நம் ஊர் இலக்கியவாதிகள் பலருக்குத் திண்டுக்கல்லில் தோல்ஷாப் இருப்பதே நினைவுக்கு வந்தது.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் பாத்தின் 'மறைவானவன்' என்றும் 'அந்தரங்கமானவன்' என்றும் வருகிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. அந்தரங்கம் வடசொல்தான், இருக்கட்டும். நம் வழக்கில் அதற்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று அடுத்தவர் பார்க்கக் கூடாதது. இன்னொன்று 'அந்தரங்க சுத்தியோடு' என்று சொல்லும்போது வருகிற, மனசின் உண்மை. 'மறைவானவன்' என்பதில் தூரம் இருக்கிறது. 'அந்தரங்கமானவன்' என்பதில் நெருக்கம் இருக்கிறது. இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல.

ஏனெனில் இந்தப் பெயருக்கு நபியிடமிருந்தே ஒரு விளக்கம் உண்டு. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான, படுக்கப் போகும்போது ஓதும் ஒரு துஆ அது. நான்கு பெயர்களும் அதில் ஒவ்வொன்றாக விளக்கப்படுகின்றன. பாத்தின் என்பதற்கு அங்கே தரப்படும் விளக்கத்தை, இறைவனைவிட நெருக்கமாக எதுவும் இல்லை என்றே உரைகாரர்கள் பலர் வாசிக்கிறார்கள். அந்தத் துஆ எங்கே போய் முடிகிறது தெரியுமா? எங்கள் கடனைத் தீர்த்துவை, வறுமையிலிருந்து எங்களை மீட்டுவிடு என்று கேட்பதில். ஓர் அறிவிப்பின்படி, வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டு வந்த தம் மகள் ஃபாத்திமாவுக்கு நபி கற்றுக்கொடுத்தது இது. இறையியலின் மிக ஆழமான பெயர் ஒன்றுக்கான விளக்கம் மதரஸாவின் விவாத மேடையில் பிறக்கவில்லை. வேலைச்சுமை தாங்காத ஒரு பெண்ணின் படுக்கையோரத்தில், கடன்காரனின் பயத்துக்குப் பக்கத்தில் பிறந்திருக்கிறது. நம்முடைய உரைகளில் இந்தப் பின்பகுதி ஏன் இவ்வளவு மெல்லிய குரலில் சொல்லப்படுகிறது?

நெருக்கம் எப்போது ரகசியமானது? திண்டுக்கல்காரர்களுக்கு இதைப் பூட்டை வைத்து விளக்கலாம். மாங்காய்ப் பூட்டின் உள்ளே நெம்புகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் வெட்டு ஒவ்வொன்றையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். ஆணி அடித்து மூடியபின் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. சாவி வைத்திருப்பவனுக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. (2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கொடுத்தபோது பட்டறைகள் பல அலிகார் பூட்டிடம் தோற்று மூடிக்கிடந்தன.) பாத்தினைப் பூட்டாகக் கற்பனை செய்த உடனே ஒரு சாவிக்காரன் தேவைப்படுகிறான். மறைவானவற்றின் திறவுகோல்கள் அவனிடம் மட்டுமே என்று குர்ஆனின் ஆறாம் அத்தியாயம் சொல்லிவிட்டபோதும், மாற்றுச்சாவி செய்கிற பட்டறைகள் வரலாறு நெடுகிலும் திறந்தே இருந்திருக்கின்றன.

பதினோராம் நூற்றாண்டில் இஸ்மாயீலிகளை எதிரிகள் 'பாத்தினிய்யா' என்றே அழைத்தார்கள். வசனத்துக்கு வெளிப்பொருள் உண்டு, உட்பொருளும் உண்டு, உட்பொருளை இமாம் மட்டுமே கற்பிக்க முடியும் என்பது அவர்கள் வாதம். அவர்களை மறுத்து கஸ்ஸாலி ஒரு நூல் எழுதினார். எழுதச் சொன்னவர் அப்பாசியக் கலீஃபா முஸ்தள்ஹிர். அந்தப் பட்டப்பெயரும் 'ளாஹிர்' வேரிலிருந்து வந்ததே! உள்ளுக்கும் வெளிக்கும் நடந்த சண்டை அரியணைச் சண்டையாகவும் இருந்தது. ஆனால் அதே கஸ்ஸாலி இறைப்பெயர்களுக்கு எழுதிய உரையில் வேறொரு இடத்துக்குப் போகிறார். புலன்களால் தேடினால் அவன் மறைவு, அறிவால் தேடினால் வெளிப்படை. அவன் மறைந்திருப்பதே வெளிப்பாட்டின் மிகுதியால்தான், ஓயாத வெளிச்சத்தை நாம் கவனிக்காமல் போவதைப் போல என்கிறார். இங்கே சாவிக்கு வேலையே இல்லை. கலீஃபாவுக்காக எழுதிய கஸ்ஸாலியைவிட இந்தக் கஸ்ஸாலிதான் நமக்கு வேண்டியவர்.

தமிழில் இதைப் பிடித்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சைவ யோக மரபின் 'மனோன்மணி' என்ற பெண்பெயரை எடுத்து இறைவனை நாயகியாக்கி ஒரு கண்ணியே பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். மறைவான ஒன்றுக்கு ஒரு மதத்தின் சொற்கள் மட்டுமே காப்புரிமை கோர முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? ஆனால் இதை வைத்து 'சூஃபி நல்லவன், தவ்ஹீதுக்காரன் கெட்டவன்' என்று நம் முற்போக்காளர்கள் சிலர் எழுதும் சுலபமான சமன்பாட்டை ஏற்பதற்கில்லை. 1980களுக்குப் பிறகு தமிழகத்தில் எழுந்த தவ்ஹீத் பிரச்சாரம், 'பாத்தின் இல்ம்' என்ற பெயரில் ஷெய்குகளும் தாயத்துக்காரர்களும் நடத்திய சாவி வியாபாரத்தைக் கேள்வி கேட்டது. அது தேவைப்பட்ட கேள்வி. போகிற போக்கில் அது பாத்தினையே தூக்கி எறிந்துவிட்டு ளாஹிரை மட்டும் வைத்துக்கொண்டதுதான் கோளாறு: தாடியின் நீளம், கைலியின் உயரம், விரலை ஆட்டலாமா கூடாதா. இன்னொரு பக்கம், 2016 மார்ச்சில் டெல்லியில் நடந்த உலக சூஃபி மாநாட்டு மேடையில் பிரதமரே வந்து பேசினார். அரசுக்குப் பிடித்தமான சூஃபித்துவம் ஒன்று தயாராகிவிட்டது என்பதை நம் ஆட்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ஊர். அவருடைய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ஊர்கூடி விடியவிடியப் பாடுகிற ஊர். அங்கேதான் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல், 2000இல் வெளிவந்த 'மைலாஞ்சி' கவிதைகளுக்காக ஜமாத்தின் எதிர்ப்பைச் சந்தித்தார். 2007இல் 'உயிர்மை' இதழில் வந்த கட்டுரைக்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டார். நீதிமன்றம் போய்ப் போராடினார். 2017 ஆகஸ்டில் இறந்தார். அதே ஆண்டு மார்ச் 16 அன்று கோவையில் திராவிடர் விடுதலைக் கழகத்தின் ஃபாரூக், கடவுள் இல்லை என்று எழுதியதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். ரசூலுக்கு நடந்ததும் ஃபாரூக்குக்கு நடந்ததும் ஒரே அளவில் வைக்கக்கூடியவை அல்ல. ஆனால் இரண்டிலும் அடியில் ஒரு உரிமைகோரல் இருக்கிறது: உன் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும்.

போர்க்களத்தில் வாள் ஓங்கியபின் கலிமா சொன்னவனை, உயிருக்குப் பயந்து சொல்கிறான் என்று உஸாமா கொன்றுவிட்டபோது, அவன் இதயத்தைப் பிளந்து பார்த்தாயா என்று நபி கேட்டதாக ஹதீஸ் இருக்கிறது. வெளியே தெரிவதை வைத்தே நாம் தீர்ப்புச் சொல்வோம், உள்ளங்களை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பது ஃபிக்ஹில் ஊறிப்போன கோட்பாடு. 'ஃபாரூக் ஒளிக்கவில்லையே, வெளியேதானே சொன்னார்' என்பார்கள். சொல்லுக்குச் சொல்லால் பதில் சொல்லியிருக்கலாம். ஒரு மனிதனின் கடைசிக் கணக்கைத் தானே முடித்துவைக்கிற கத்தி, அல்-பாத்தின் என்ற பெயரையே மறுத்துவிட்ட கத்தி.

இதே உரிமைகோரலை அரசு வேறு உடுப்பில் செய்கிறது. 1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, சம்பந்தமே இல்லாத முஸ்லிம்கள் தங்கள் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியவர்களானார்கள். வாடகைக்கு வீடு கேட்டால், செக்போஸ்ட்டில் பெயர் சொன்னால், 'உள்ளுக்குள்ள என்ன வச்சிருக்கே?' என்ற பார்வை. மார்த்தினிக் தீவின் எதுவார் கிளிசான் 1990இல் வெளியான தன் நூலில் 'ஒளிபுகாமைக்கான உரிமை' என்று பேசினார். ஆள்பவனுக்குப் புரிகிற மாதிரித் தன்னை உரித்துக்காட்ட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்பது அதன் சாரம். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வந்து நிற்பதை நான் தற்செயல் என்று தள்ளத் தயாரில்லை.

ஒரு ஆட்சேபம் நியாயமானது. மறைவு அதிகாரத்துக்கும் கவசம்தான்; வீட்டுக்குள் பெண்ணை அடிப்பவன் 'குடும்ப விஷயம்' என்கிறான், முதலாளி கணக்கைக் காட்டமாட்டான். பாத்தின் என்ற பெயர் வருகிற 57ஆம் அத்தியாயத்தின் தலைப்பு 'அல்-ஹதீத்', இரும்பு. மனிதர்கள் நீதியை நிலைநிறுத்த வேதமும் தராசும் அனுப்பப்பட்டதை அது இரும்போடு சேர்த்தே பேசுகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது, கடனை எழுதிவைக்கச் சொல்கிறது: எழுத்தர் யார், சாட்சி யார், வாசகம் சொல்லவேண்டியவர் யார் என்பதுவரை. உள்ளம் இறைவனிடம், கணக்கு ஊர் பார்க்கும்படி எழுத்தில்.

இதையும் அந்தத் தோழரிடம் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எழுதணும்னே இருக்கா பாய்? முப்பது வருஷமா அட்வான்ஸ்லயே ஓடினேன். அந்த நோட்டை ஒரு நாள்கூட என் கண்ணுல காட்டினதில்ல."