நிறைந்தே நிற்கும் நீர்

திருவண்ணாமலையைச் சுற்றிப் பண்ணை வீடுகள் பெருகிவிட்டன. கிரிவலம் வருகிறவர்கள், ஆசிரமங்களை நாடி மாதக்கணக்கில் தங்குகிறவர்கள், வார இறுதிக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் இடம் வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு பண்ணை வீட்டில் நண்பர் வீட்டு விசேஷத்துக்காக ஒரு நாள் தங்கினேன். ஊர், பெயர் வேண்டாம். மலையடி ஓடை ஒன்றை மண்கரையால் மறித்து ஒரு குட்டை அமைத்திருந்தார்கள். இரண்டு பெடல் படகுகள், கரைமேல் நடைபாதை, இரவில் சீரியல் விளக்கு. பார்க்க அழகாகவே இருந்தது.

விடிந்ததும் கரையின் மறுபக்கம் இறங்கினேன். வெளிச்சரிவில் வரிசையாகத் தென்னங்கன்று. கரையடியில் ஓரிடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாக இருந்தது. அங்கே கால் வைத்தால் கணுக்கால் வரை புதைந்தது. மிகுதி நீர் வெளியேற ஆறு அங்குல பிவிசி குழாய் இரண்டு. மீன் போய்விடாமலிருக்க அவற்றின் வாயில் வலை கட்டி, அந்த வலையில் பாதிக்கு மேல் சருகு அடைத்திருந்தது. காவலாளியிடம், “மழை பெருசா வந்தா தண்ணி எங்கே போகும்?” என்று கேட்டேன். “குழாய்ல போயிடும் சார். ரொம்ப வந்தா கரை மேலயே வழிஞ்சிடும்” என்றார்.

மண்கரை உடைவது பெரும்பாலும் அப்படித்தான். மேலே வழியும் நீர் வெளிச்சரிவின் மண்ணை அரித்து, ஒரு சிறு கீறலை மணி நேரத்துக்குள் வாயாக்கிவிடும். கால் புதைந்த அந்தக் கரும்பச்சை இன்னொரு வழி: உள்ளே கசியும் நீர் மண்ணைத் துகள் துகளாக எடுத்துக்கொண்டு வெளியேறும். மேலே எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும்போதே கரைக்குள் துளை விழுந்திருக்கும். மர வேர், நண்டு வளை, எலி வளை எல்லாம் அதற்கு வழி போட்டுக் கொடுப்பவை. ஏரிக்கரை பார்த்து வளர்ந்த எந்த விவசாயிக்கும் இது தெரியும்.

அந்தக் குட்டை சுமார் 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம் இருக்கும். சராசரி ஆழம் இரண்டரை மீட்டர் என்று வைத்தால் 6,000 கன மீட்டர் நீர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 500 நடை. எடையில் 6,000 டன். இது கரைக்குக் கீழே உள்ள வீடுகளைவிட உயரத்தில் நிற்கிறது.

இந்த வழக்கத்தில் நல்லது எதுவுமில்லை என்று நான் சொல்லவில்லை. இது பாறைப் பூமி. மழை நீர் நிற்காமல் ஓடிவிடும். எங்கே தேக்கினாலும் சுற்றியுள்ள நாலு கிணற்றில் நீர்மட்டம் ஏறும். பொது ஏரிகள் பல தூர்ந்து, வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கும் காலத்தில், ஒருவர் தன் பணத்தைப் போட்டு நீரைப் பிடித்து வைப்பதைக் குற்றமாகப் பேசவும் முடியாது. படகு ஓட்ட, சமைக்க, காவல் காக்க என்று பக்கத்துக் கிராமத்தில் பத்துப் பேருக்காவது வேலை கிடைக்கிறது. பண்ணைக் குட்டையாகத் தோண்டினால் நான் எழுந்து நின்று பாராட்டுவேன். தோண்டிய குட்டையில் நீர் தரைக்குக் கீழே நிற்கிறது. கரை கட்டிய குட்டையில் தலைக்கு மேலே நிற்கிறது. ஆபத்தைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டிய வேறுபாடு இதுதான். இரண்டையும் ‘குட்டை’ என்றே அழைப்பதால் பேச்சில் அது மறைந்துபோகிறது.

ஏரியும் கரை கட்டிய நீர்தானே என்று கேட்கலாம். ஏரியின் வாழ்க்கையே வேறு. ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, மதகு வழியாக வயலுக்குப் போய், சித்திரையில் அதன் தரை தெரியும். கரை காயும்; ஓட்டையும் விரிசலும் கண்ணுக்குப் படும்; வண்டல் அள்ள ஆள் இறங்குவார்கள். அடுத்த மழை வரும்போது அதை வாங்கிக்கொள்ள வயிறு காலியாக இருக்கும். மீறி வந்தால் கலங்கல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ‘ஏரி கோடி போகுது’ என்று சொல்லி ஊரே போய்ப் பார்ப்பது அந்தக் கலங்கலைத்தான். கல்லில் கட்டி, கரையைவிடத் தாழ்வாக வைத்து, மிகுதி நீரை அடுத்த ஏரிக்கு அனுப்பும் வழி அது. பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் என்று தனியே ஒரு குழுவைச் சொல்கிறது. நீரைத் தேக்கினால் அதைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது அன்றைக்கே முடிவான விஷயம்.

பொழுதுபோக்குக் குட்டைக்கு இந்த ஏற்ற இறக்கமே கிடையாது. படகு விட வேண்டும், படம் எடுக்க வேண்டும். ஆகவே அது எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். கரை காய்வதில்லை, ஊறிக்கொண்டே இருக்கிறது. புயல் மழை வரும் இரவில்கூட அதில் ஒரு சாண் இடம் காலியாக இருப்பதில்லை. பெரிய கலங்கல் வைத்தால் நீர்மட்டம் குறையும் என்று குழாயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த வழக்கத்தின் மற்றக் குறைகளைச் செலவு செய்து சரிசெய்யலாம். இந்தக் குறை அதன் நோக்கத்திலேயே இருக்கிறது.

மீன் வலையைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அமெரிக்காவின் ஜான்ஸ்டவுன். பென்சில்வேனியா மாநில அரசு கால்வாய்க்காகக் கட்டிய சவுத் ஃபோர்க் அணை பின்னால் தனியார் கைக்குப் போனது. அடியில் நீரை வடிக்க இருந்த இரும்புக் குழாய்களை இடையில் ஒரு உரிமையாளர் கழற்றி விற்றுவிட்டார். பிறகு அதை வாங்கிய மீன்பிடி, வேட்டைச் சங்கத்தில் ஆண்ட்ரூ கார்னகி போன்ற பெருஞ்செல்வர்கள் உறுப்பினர்கள். கோடைக்காலத்தில் வந்து படகு விடுவதற்கான ஏரி. எதிரெதிராக வண்டிகள் போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்க வழிந்தோடியில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் தடுப்பில் குப்பை அடைத்தது. வடிப்பதற்குக் குழாய் இல்லை. நீர் கரைமேல் ஏறி, அணை உடைந்தது. 22 கிலோமீட்டர் கீழே இருந்த ஊரில் 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சங்கத்தின் மீது ஒரு வழக்குகூட வெற்றி பெறவில்லை.

அது பெரிய அணை என்று ஒதுக்க வேண்டாம். 1977 நவம்பர் 6 அதிகாலையில் ஜார்ஜியாவின் டொக்கோவாவில் உடைந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 40 அடி உயரம்தான். ஒரு கிறித்தவக் கல்லூரிக்குச் சொந்தமானது. மின் உற்பத்தியை நிறுத்திய பிறகு அந்த ஏரி பொழுதுபோக்குக்கு மட்டுமே இருந்தது. 39 பேர் இறந்தார்கள்.

நம் பக்கத்திலும் வழக்குகள் வந்திருக்கின்றன. கேரளத்தின் கக்காடம்பொயில் மலையில் தனியார் பூங்காவை ஒட்டி ஓடையை மறித்த தடுப்பணை உயர் நீதிமன்றம் வரை போனது. குற்றாலத்தில் இயற்கை நீரோட்டத்தைத் திருப்பி விடுதிகள் உண்டாக்கிய செயற்கை அருவிகள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. இவை யாரோ வழக்குப் போட்டதால் வெளியே வந்தவை. போடாத இடங்களை யார் பார்ப்பது? அணை பாதுகாப்புச் சட்டம், 2021 தனியார் அணைக்கும் பொருந்தும் என்பது அதன் நல்ல அம்சம். ஆனால் 15 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும்; 10 முதல் 15 மீட்டர் என்றால் கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர், நீளம் 500 மீட்டர் போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். நான் பார்த்த கரை நாலு மீட்டர். இங்கிலாந்தில் தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டர் தேக்கினாலே, யாருடையதாக இருந்தாலும் பதிவு செய்வது கட்டாயம், வேல்ஸில் 10,000. இந்தக் குட்டை அதிலும் சிக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் நமக்கு உயரமோ கொள்ளளவோ மட்டும் அளவுகோலாக இருந்தால் போதாது. கரைக்குக் கீழே நீர் ஓடும் வழியில் வீடு இருக்கிறதா, ஏரி இருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக வேண்டும். இங்கே ஏரிகள் சங்கிலியாக இருப்பவை. மேலே உடைகிற 6,000 டன், ஏற்கெனவே நிறைந்து நிற்கும் கீழ் ஏரியின் கரையில் போய் மோதும்.

பொறுப்பு யாருடையது என்பதில் பழைய தீர்ப்பு ஒன்று நம் வட்டாரத்தோடு தொடர்புடையது. 1868-இல் இங்கிலாந்தில், தன் நிலத்தில் நீரைத் தேக்கியவர் அது வெளியேறினால் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பிறகு, அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த கார்வெட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் வெள்ளத்தில் உடைந்து ரயில் பாதை சேதமானபோது, சென்னை ரயில்வே கம்பெனி அதே விதியைக் காட்டி வழக்குப் போட்டது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1874-இல் அதை ஏற்கவில்லை. ஏரிகள் மக்களின் பிழைப்புக்கானவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, ஆகவே அந்தக் கடுமையான விதி பொருந்தாது என்றது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஊருக்காகத் தேக்கிய நீரின் ஆபத்தை ஊர் பகிர்ந்துகொள்வதில் நியாயம் உண்டு. படகுக் கட்டணத்துக்காகத் தேக்கிய நீருக்கு அந்தச் சலுகை எந்த வகையிலும் சேராது. அதன் முழுப் பொறுப்பும் தேக்கியவருடையது.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் போனது. விழுப்புரம், கடலூர் வரை தென்பெண்ணைக் கரை ஊர்கள் தவித்தன. முன்னெச்சரிக்கை போதுமானதா என்று சட்டமன்றம் வரை கேள்வி எழுந்தது. கேட்க முடிந்தது, ஏனென்றால் அங்கே பொறியாளர் இருந்தார், நீர்மட்டப் பதிவேடு இருந்தது. அதே இரவில் மலையடியில் தனியார் குட்டைகள் எத்தனை நிறைந்து நின்றன என்பதற்கு எந்த அலுவலகத்தில் பதிவேடு இருக்கிறது? 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், சிறியது ஊராட்சி ஒன்றியத்திடம். பண்ணை வீட்டுக் குட்டை இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை.

ஆவணிக்குள் ஒன்றியப் பொறியாளர்கள் இவற்றைக் கணக்கெடுக்க வேண்டும். கல்லால் கட்டிய கலங்கலும் அடிமதகும் இல்லாத கரையை உடைத்து நீரை வடித்துவிட வேண்டும். பட்டா நிலத்துக்குள் வந்தாலும் ஓடை ஊருடையது. அதை மறிக்க அனுமதி பெறாதவருக்கு அவகாசம் தர வேண்டியதில்லை.

விடுமுறைக்கு இங்கே வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏரி தெரியும் அறை என்று சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் கரையின் மறுபக்கம் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். கலங்கல் எங்கே என்று கேளுங்கள். காட்டத் தெரியாவிட்டால் மழைக்காலத்தில் குழந்தைகளோடு அங்கே தங்காதீர்கள்.