இரண்டாவது ஆய்வகம் எங்கே?

மாரடைப்பிலிருந்து மீண்டவரின் எக்கோ அறிக்கை கைக்கு வந்ததும் குடும்பம் தேடுவது ஒரே ஓர் எண்ணைத்தான். "பம்பிங் எத்தனை சதவீதம்?" 55-க்கு மேல் இருக்க வேண்டியது 35 என்று வந்தால் வீட்டில் பேச்சு அடங்கிவிடும். மனித இதயத்தின் இடது கீழறையில் 200 கோடி முதல் 400 கோடி வரை தசைச் செல்கள் உள்ளன. பெரிய மாரடைப்பு ஒன்று சில மணி நேரத்துக்குள் அவற்றில் 100 கோடி வரை கொன்றுவிடும். செத்த இடத்தில் தழும்பு விழும். தழும்பு சுருங்கி விரியாது. இன்று கையில் உள்ள மருந்தும் ஸ்டென்ட்டும் பைபாஸும் மிஞ்சிய தசையைக் காப்பாற்றத்தான் உதவுகின்றன. போன தசையை மீட்டுத் தர அவற்றால் ஆகாது. மாற்று இதயம் கிடைப்பவர்களோ வெகு சிலர்.

போன தசையைத் திரும்ப வளர்க்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் ஸ்டெம் செல் ஆராய்ச்சி இதயத்துக்குள் நுழைந்தது. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இந்த ஆராய்ச்சியின் பெரிய பலமும் பெரிய குறையும் ஒரே கட்டத்தில் குவிந்திருப்பதாக நான் நினைக்கிறேன். ஓர் ஆய்வகம் கண்டதை இன்னோர் ஆய்வகம் தன் கையால் செய்து பார்க்கும் கட்டம் அது. அதைப் பொறுமையாகச் செய்தபோதெல்லாம் அறிவு வளர்ந்தது. அதற்குக் காத்திராமல் ஓடியபோதெல்லாம் நோயாளிகள் அதற்கான விலையைக் கொடுத்தார்கள்.

பலத்துக்கு ஒரு சான்று. வளர்ந்த மனிதரின் இதயத்தில் புதிய தசைச் செல்கள் பிறக்கின்றனவா என்பது நெடுங்காலம் வாதமாகவே இருந்தது. ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் யோனாஸ் ஃப்ரீசேன் குழு அதை எதிர்பாராத வழியில் அணுகியது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் அணுகுண்டுகளைத் திறந்த வெளியில் வெடித்துச் சோதித்ததால் காற்றில் கார்பன்-14 ஏறியது. அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பின் அது படிப்படியாக இறங்கியது. ஒரு செல் உருவாகும் காலத்தில் காற்றில் இருந்த அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். இறந்தவர்களின் இதயத்திலிருந்து தசைச் செல்களின் உட்கருக்களைத் தனியே பிரித்து அந்தப் பதிவை அளந்தார்கள். 2009-இல் வெளியான முடிவின்படி, 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் செல்கள் புதிதாகின்றன. 75 வயதில் அது 0.45 சதவீதமாகக் குறைகிறது. ஒரு வாழ்நாள் முழுவதிலும் பாதிச் செல்கள்கூட மாறுவதில்லை. இதயம் தன்னைப் புதுப்பிக்கவே செய்யாது என்றவர்களும், வேகமாகப் புதுப்பிக்கும் என்றவர்களும் இந்த அளவீட்டுக்கு முன் தங்கள் வாதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. எந்த நோயாளியையும் தொடாமல் கிடைத்த அறிவு இது.

2001-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. டொனால்ட் ஆர்லிக்கும் நியூயார்க் மருத்துவக் கல்லூரியின் பியரோ அன்வெர்சாவும் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். எலியின் இதயத் தமனியைக் கட்டி மாரடைப்பை உண்டாக்கி, எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த சி-கிட் குறியுள்ள செல்களை ஊசியால் செலுத்தினால், 9 நாளில் பழுதான பகுதியின் 68 சதவீதத்தைப் புதிய தசை நிரப்பிவிடுகிறது என்றார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃபில் மாரடைப்பு நோயாளி ஒருவரின் இதயத் தமனிக்குள் அவருடைய மஜ்ஜைச் செல்களையே செலுத்திவிட்டார்கள். எலியில் கண்டதை வேறொரு கை செய்து பார்ப்பதற்குள் மனிதரில் தொடங்கிவிட்டது.

வேறொரு கை 2004-இல்தான் வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் மரி, இந்தியானாவின் லோரன் ஃபீல்ட் குழு செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. முதல் ஆய்வு ஒளிரும் சாயங்களை நம்பியிருந்தது. இதயத்தசைக்கு இயல்பாகவே ஒளிரும் குணம் உண்டு. நுண்ணோக்கியில் சாயத்தின் ஒளி எது, தசையின் சொந்த ஒளி எது என்று பிரிப்பது கடினம். மரி குழு சாயத்தை நம்பவில்லை. இதயத்தசையில் மட்டுமே விழித்தெழும் மரபணுக் குறியைத் தாங்கிய எலிகளின் மஜ்ஜையை எடுத்தார்கள். அந்தச் செல் உண்மையிலேயே இதயத்தசையாக மாறினால் அதன் உட்கரு நீலமாகும், மாறாவிட்டால் ஆகாது. கண்ணின் ஆசைக்கு அதில் இடமில்லை. 145 முறை இதயங்களில் செலுத்திப் பார்த்தும் மஜ்ஜைச் செல் தசையாக மாறியதற்கு அடையாளம் கிடைக்கவில்லை. அதே இதழில் ஸ்டான்ஃபோர்டின் இன்னொரு குழுவும் இதையே சொன்னது.

அடிப்படை இடிந்த பிறகும் கட்டடம் உயர்ந்துகொண்டே போனதுதான் வேதனை. மஜ்ஜைச் செல் சோதனைகள் நாடு நாடாகப் பரவின. 2006-இல் ஜெர்மனியின் ரிப்பேர்-ஏ.எம்.ஐ. சோதனையில் 204 பேர். செல் பெற்றவர்களின் பம்பிங் 5.5 புள்ளி ஏறியது, பெறாதவர்களுக்கு 3. அதே ஆண்டில் வெளியான நார்வே சோதனையில் பயனே தெரியவில்லை. ஹானோவரில் நடந்த சோதனையில் ஆறு மாதத்தில் தெரிந்த முன்னேற்றம் பதினெட்டாம் மாதத்தில் கரைந்துபோனது. ஏன் இத்தனை முரண்? லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டேரல் பிரான்சிஸ் குழு 2014-இல் தந்த பதில் என் மனத்தை இன்றும் உறுத்துகிறது. 49 சோதனைகளின் 133 அறிக்கைகளை வரி வரியாகப் படித்து, கூட்டல் பொருந்தாமை, நடக்கவே முடியாத சதவீதம், அறிக்கைக்கு அறிக்கை மாறும் எண் என 604 முரண்பாடுகளைப் பட்டியலிட்டார்கள். முரண்பாடு கூடக்கூடப் 'பயனும்' கூடியது. 30-க்கு மேல் முரண்பாடு கொண்ட சோதனைகள் 7.7 புள்ளி முன்னேற்றம் காட்டின. ஒரு முரண்பாடும் இல்லாத சோதனைகளின் சராசரி மைனஸ் 0.4.

இதற்கு இறுதி விடை சொல்ல ஐரோப்பாவில் 3,000 பேரைக் கொண்டு பாமி என்ற சோதனை திட்டமிடப்பட்டது. 375 பேர்தான் சேர்ந்தார்கள். 2020-இல் எந்த முடிவுக்கும் வர இயலாமல் அது முடிந்தது. பாதி நம்பிக்கையில் சிறு சோதனைகள் பலவற்றை நடத்துவதற்குப் பதில் தொடக்கத்திலேயே ஒன்றைப் பெரிதாக நடத்தியிருந்தால், அத்தனை நோயாளிகள் கொடுத்த ஒத்துழைப்புக்கு ஒரு பதிலாவது கிடைத்திருக்கும்.

அன்வெர்சாவின் கதை இன்னும் கசப்பானது. மஜ்ஜையை விட்டுவிட்டு, வளர்ந்த இதயத்துக்குள்ளேயே சி-கிட் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன என்று 2003-இல் அவர் குழு அறிவித்தது. 2011-இல் அந்தச் செல்களைக் கொண்டு லூயிவில்லில் நடந்த சிபியோ சோதனை லான்செட்டில் வந்தது, பம்பிங் 30.3-இலிருந்து 38.5 ஆனது என்றார்கள். சின்சினாட்டியின் ஜெஃப்ரி மோல்கென்டின் குழு 2014-இல் சி-கிட் செல்களின் வம்சாவளியை எலியில் தடம் பிடித்துப் பார்த்தபோது, அவற்றிலிருந்து தசை பிறப்பது ஏறத்தாழ இல்லை என்றே தெரிந்தது. அன்வெர்சா பின்னர் வேலை பார்த்த பாஸ்டன் மருத்துவமனை, மானிய விண்ணப்பங்களில் பொய்த் தரவு தரப்பட்டதான குற்றச்சாட்டைத் தீர்க்க 2017-இல் அமெரிக்க அரசுக்கு 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2018-இல் ஹார்வர்டும் அந்த மருத்துவமனையும் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லி இதழ்களுக்கு எழுதின. சிபியோ கட்டுரையை லான்செட் நீக்கியது 2019-இல்.

ஒருவர் செய்த தவறு என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. மற்ற ஆய்வகங்கள் பல ஆண்டுகளாகவே "எங்களுக்கு இது வரவில்லை" என்று சொல்லிவந்தன. வராத முடிவைப் பெரிய இதழ்கள் எளிதில் வெளியிடுவதில்லை. வராததை நிரூபிக்க மானியமும் கிடைப்பதில்லை. இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் மூன்று ஆண்டு உழைத்து, புகழ்பெற்ற முடிவு தன் கையில் வரவில்லை என்று கண்டால், தன் கைத்திறனைத்தான் முதலில் சந்தேகிக்கிறார். இந்த அமைப்பைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த அன்வெர்சா எந்தத் துறையிலும் எழலாம்.

ஆனால் இந்த இடிபாட்டிலிருந்தே ஓர் அரிய கண்டுபிடிப்பும் வந்தது. செல் தசையாக மாறவில்லை என்றால், சில எலிகளின் இதயம் ஏன் சற்றாவது தேறியது? மோல்கென்டின் குழு உயிருள்ள செல்லையும் செத்த செல்லையும், ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் சைமோசான் என்ற வேதிப்பொருளையும் தனித்தனியே எலி இதயத்தில் செலுத்திப் பார்த்தது. மூன்றும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஊசி போட்ட இடத்தில் அழற்சி மூள்கிறது, மேக்ரோஃபேஜ் செல்கள் திரள்கின்றன, அவை தழும்பின் தன்மையை மாற்றி வலுவாக்குகின்றன. 2019-இல் வந்த இந்த ஆய்வு பழைய நம்பிக்கையைப் புதைத்ததோடு நிற்காமல், தழும்பைச் சீராக்கும் மருந்துக்குப் புதிய திசையையும் காட்டியது.

இன்னொரு பாதை, தசைச் செல்லையே வெளியில் தயாரித்துக் கொடுப்பது. ஷின்யா யாமானாகா 2006-இல் எலியின் தோல் செல்லையும், அடுத்த ஆண்டு மனிதத் தோல் செல்லையும் நான்கு மரபணுக்களால் கருநிலைக்குத் திருப்பினார். அப்படிக் கிடைக்கும் ஐ.பி.எஸ். செல்களுக்கு ஒரு வேதிச் சமிக்ஞையை முதலில் தூண்டி, இரண்டு மூன்று நாள் கழித்து அதையே அடக்கினால் இதயத்தசை பிறக்கிறது. பத்து நாள் அளவில் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் படலம் தானாகத் துடிக்கத் தொடங்கும். அதோடு கலந்து வளர்ந்த வேண்டாத செல்களை நீக்க, டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகம் 2013-இல் ஓர் அழகான உபாயம் சொன்னது. வளர்ப்புத் திரவத்தில் குளுக்கோஸை எடுத்துவிட்டு லாக்டேட் மட்டும் வைத்தால், லாக்டேட்டை எரித்துப் பிழைக்கத் தெரிந்த இதயத்தசை மட்டும் மிஞ்சும். மற்றவை பட்டினியில் சாகும்.

பார்ப்பவர் கண்ணைப் பறிக்கும் அந்தத் துடிப்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. வளர்ந்தவரின் கீழறைத் தசை தானாகத் துடிப்பதில்லை. மேலிருந்து வரும் மின் கட்டளைக்குக் காத்திருக்கும். தட்டில் வளர்ந்தது சிசுவின் இதயத்தசை போன்ற முதிராத செல். அதை இதயத்தில் வைத்தால் தன் போக்கில் துடித்து, மொத்தத் தாளத்தையும் குலைக்கும். எலி ஆய்வுகளில் இது ஏன் தெரியவில்லை? எலியின் இதயம் நிமிடத்துக்கு 600 முறை அடிக்கிறது. அந்த வேகத்தில் மெதுவாகத் துடிக்கும் மனிதச் செல்லின் கலகம் அமுங்கிவிடும். 2014-இல் மரி குழு மக்காக் குரங்குகளுக்கு 100 கோடி செல்களைச் செலுத்தியபோது தசை உண்மையாகவே ஒட்டி வளர்ந்தது. கூடவே துடிப்புக் கோளாறும் வந்தது. எலியோடு நிறுத்திக்கொண்டு மனிதருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதே குழு விடாமல் துருவி, செல்லைத் தானாகத் துடிக்க வைக்கும் மின்னோட்டங்களைக் கண்டறிந்து, 3 மரபணுக்களை நீக்கி ஒன்றைக் கூட்டி, பன்றிகளில் அந்தக் கோளாறைப் பெருமளவு அடக்கியதை 2023-இல் வெளியிட்டது.

விலங்குச் சோதனையின் பொதுக் குறை இன்னும் தீரவில்லை. ஆய்வகத்தில் மாரடைப்பு வரவழைக்கப்படும் எலி இளமையானது; சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இல்லாதது. செல்லும் சில நிமிடங்களிலோ சில நாட்களிலோ கொடுக்கப்படுகிறது. மருத்துவமனைக்கு வருபவர் 60 வயதுக்காரர், இருபது ஆண்டு சர்க்கரை, தழும்பு விழுந்து மாதங்கள் ஆனவர். குரங்கு ஆய்வுகளிலோ எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு ஜெர்மனியின் கோட்டிங்கன் இப்போது ஒரு மாதிரி. வோல்ஃப்ராம் சிம்மர்மன் குழு ஐ.பி.எஸ். செல்லிலிருந்து இதயத்தசை ஒட்டுகளை நெய்து, ரீசஸ் குரங்குகளில் ஆறு மாதம் வரை வைத்துப் பார்த்தது. பிறகே, முற்றிய இதயச் செயலிழப்புள்ள 46 வயதுப் பெண்ணுக்கு 40 கோடி செல்கள் கொண்ட 10 ஒட்டுகளைப் பொருத்தினார்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. அகற்றிய பழைய இதயத்தை அறுத்துப் பார்த்தபோது, வைத்த தசை ரத்தநாளங்களோடு உயிருடன் இருந்தது. 2025 ஜனவரியில் நேச்சரில் வந்த அந்தக் கட்டுரையின் மதிப்பு, நுண்ணோக்கியின் கீழ் கிடைத்த அந்தச் சான்றில்தான் உள்ளது. ஒருவரிடம் கண்டதுதான் என்பதையும், உடல் ஒட்டைத் தள்ளாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடர வேண்டும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஜப்பானின் வழி எனக்கு ஏற்புடையதாக இல்லை. கால் தசைச் செல்லால் ஆன ஹார்ட்ஷீட் என்ற இதய ஒட்டுக்கு, 7 நோயாளிகளின் தரவை வைத்து 2015-இல் நிபந்தனை அனுமதி தந்தார்கள். பயன் நிரூபணமாகவில்லை என்று நிபுணர் குழு சொன்னது 2024-இல். ஒன்பது ஆண்டு அது சந்தையில் இருந்தது. ஒசாகாவின் ஐ.பி.எஸ். ஒட்டு 8 பேரில், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் சோதிக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் அதே அனுமதிக்கு விண்ணப்பமானது. கையில் ஹார்ட்ஷீட்டின் பாடம் இருந்தும் ஏன் இந்த அவசரம்?

இந்தியாவில் விதி தெளிவாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சிதான். முறையான சோதனைக்கு வெளியே கொடுப்பது தவறு. வேலூரில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் ஒன்று பல ஆண்டுகளாக நிதானமாக வேலை செய்துவருகிறது. ஆனாலும் இதயத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வாங்கும் இடங்கள் ஒழிந்தபாடில்லை. அங்கே போகும் குடும்பம் பெரும்பாலும் நகையை அடகு வைத்துத்தான் போகிறது. அவர்களுக்கு இந்தச் சரித்திரம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை. இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் எண் என்ன, ஆராய்ச்சிக்கான செலவை நோயாளியிடம் ஏன் கேட்கிறீர்கள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கட்டும். பதில் தர மறுக்கும் இடத்தில் ஊசிக்கு உட்கார வேண்டாம்.