அறமும் உரிமையும்
கொழும்புத் தமிழர் வாழ்வில் மாற்றுத்திறனாளிகள்: ஒரு விமர்சன நோக்கு

தமிழர் தம் அறமரபைப் பற்றிப் பேசும்போது அமுதசுரபியைக் குறிப்பிடத் தவறுவதில்லை. மணிமேகலைக் காப்பியத்திலே அப்பாத்திரம் முதலில் யார் கைக்கு வந்தது, எதன் பொருட்டு வந்தது என்பது நோக்கற்பாலது. மதுரையிலே பிச்சையேற்று வாழ்ந்த ஆபுத்திரன், தான் பெற்ற உணவைப் பார்வையற்றோர், செவிப்புலனற்றோர், கால் முடமானோர், ஆதரவற்றோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான். அவ்வறத்தின் பயனாகவே சிந்தாதேவி அவனிடம் அட்சய பாத்திரத்தை அளித்தாள். இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளையின் பிறந்தநாளுக்கும் பெற்றோரின் திவசத்துக்கும் ஏதேனுமோர் இல்லத்துக்கு மதிய உணவு வழங்குவது இம்மரபின் தொடர்ச்சியேயாகும். இதன் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒருவர் பசி தீர்ந்த பின் எங்கே செல்கிறார், யாரோடு பேசுகிறார், தம் வாழ்வைப் பற்றிய முடிவுகளைத் தாமே எடுக்கிறாரா என்னும் வினாக்கள் உணவோடு முடிந்துவிடுவனவல்ல. வளர்ந்தோராகிய மாற்றுத்திறனாளிகள் சமூகத்தின் நடுவே சுயாதீனமாக வாழ்வதற்குத் தமிழ்ச் சமூகம் எவ்வளவு இடமளித்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் பார்வை

பழந்தமிழ் நூல்கள் இவ்விடயத்தில் ஒரே குரலிற் பேசவில்லை. சோழன் நலங்கிள்ளியை நோக்கி உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல், கூன், குறள், ஊமை, செவிடு முதலாக எட்டு வகைப் பிறப்புக்களை எண்ணி, அவற்றாற் பயனில்லை என்னும் முன்னோர் கருத்தை எடுத்துக் கூறுகிறது. வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறிகள் இல்லாமை எவர்க்கும் பழியன்று என்றும், அறியவேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்றும் கூறுவார். இது பெரியதொரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும், முயற்சியின் சுமை முழுவதும் தனிமனிதர் தோளிலேயே வைக்கப்படுகிறது. முயல்பவரின் வழியில் ஊரார் எழுப்பிய தடைகள் அங்கு பேசப்படவில்லை.

இவற்றினும் நுட்பமானது மருதக்கலியில் வரும் கூனியும் குறளனும் பேசும் காட்சியாகும். அரண்மனை ஏவலராகிய இருவரும் ஒருவரையொருவர் எள்ளுகின்றனர்; ஊடுகின்றனர்; பின் கூடுகின்றனர். அவர்களுக்குத் தொழில் உண்டு, நாவன்மை உண்டு, காதலும் உண்டு. ஆயின், அரண்மனையில் உள்ளோர் கண்டு நகைப்பர் என்று அஞ்சி, அவர்கள் தம் காதலுக்குப் புறத்தேயுள்ள சோலையை நாடவேண்டியிருக்கிறது. உரைமரபினர் இதனை ஐந்திணைக்குப் புறம்பான காதலாகவே வகுத்தனர். உழைப்பதற்கு அரண்மனையில் இடமிருந்தது. மனிதராக வாழ்வதற்கு அங்கு இடமிருக்கவில்லை. மாற்றுத்திறனாளியான மகனின் அல்லது மகளின் திருமணப் பேச்சு எழும்போது இன்றைய குடும்பங்கள் காட்டும் தயக்கத்தை அறிந்தவர்களுக்கு இக்காட்சி பழையதாகத் தோன்றாது.

மணிமேகலையோ உணவளிப்பதோடு நின்றுவிடவில்லை என்பதும் மனங்கொளத்தக்கது. புகாரின் சிறைக்கோட்டத்துக்குச் சென்று உணவளித்த அவள், அரசனை வேண்டி அச்சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். கட்டடத்தின் பயனை மாற்றாமல் அறம் நிறைவுறாது என்னும் குறிப்பு காப்பியத்திலேயே உண்டு. அமுதசுரபியைக் கொண்டாடியவர்கள் இப்பகுதியை அத்துணை கொண்டாடவில்லை.

சுயாதீன வாழ்வு என்பது யாது?

சுயாதீனம் என்றால் எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்துகொள்ளுதல் என்று கருதுவது பிழையாகும். எட் ரொபேட்ஸ் என்னும் அமெரிக்கர் தமது 14ஆவது வயதில், 1953இல், இளம்பிள்ளை வாதத்தாற் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரும்புச் சுவாசப் பெட்டியின் துணையோடு உயிர்த்த அவர் 1962இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திற் சேர்ந்தபோது, அப்பெட்டியின் பாரத்தைத் தாங்கும் மாணவர் விடுதி இல்லாமையால் வளாக வைத்தியசாலையிலேயே தங்கவேண்டியதாயிற்று. அவரைத் தொடர்ந்து அங்கு வந்த மாணவர்களின் கூட்டு அனுபவத்திலிருந்தே 1972இற் பேர்க்லியில் சுயாதீன வாழ்வு நிலையம் தோன்றியது. தம்மைக் குளிப்பாட்டவும் உடுத்தவும் பிறர் உதவி வேண்டியவர்கள் அவர்கள். ஆயின் எப்போது எழுவது, எங்கே செல்வது, யாரை உதவியாளராக அமர்த்துவது என்பவற்றைத் தாமே தீர்மானித்தனர். தீர்மானிக்கும் உரிமையே சுயாதீனம் என்னும் இக்கருத்து, ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 19ஆவது உறுப்புரையில் இடம்பெற்றது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவுசெய்தல், வீட்டிலும் ஊரிலும் தேவையான ஆளுதவியைப் பெறுதல், பொதுச் சேவைகளை ஏனையோர் போலப் பயன்படுத்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகளாகும். இலங்கை அச்சமவாயத்தில் 2007இற் கைச்சாத்திட்டு, 2016இல் அதனை உறுதிப்படுத்தியது.

சட்டமும் நடைமுறையும்

இலங்கையின் சட்டங்கள் இத்துறையில் வெறுமையாக இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், தொழிலிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டுதலையும், பொது இடங்களுக்குள் நுழைவதைத் தடுத்தலையும் விலக்கியது. 2006இல் வர்த்தமானியில் வெளிவந்த ஒழுங்குவிதிகள், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மூன்று ஆண்டுகளுக்குள் யாவரும் அணுகத்தக்கனவாக மாற்றவேண்டும் என்றன. அரசும் நிறுவனங்களும் அசையாத நிலையில், ஒரு தனிமனிதரே நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. கிரிக்கெட் நடுவராகவும் விளங்கிய கலாநிதி அஜித் பெரேரா, 1992இற் சென்றுகொண்டிருந்த காரின்மீது வீதியோர மரம் வீழ்ந்தமையாற் சக்கர நாற்காலியின் துணையோடு வாழலானார். அவருடைய மனுவின்மீது 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைதல் வேண்டும் எனப் பணித்தது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், அதாவது 8.7 வீதத்தினர், ஏதேனுமொரு செயற்பாட்டில் இடர்ப்பாடு உடையோர் எனக் காட்டியது. இது ஒரு சிறுபான்மையின் தனிப்பட்ட துயரமன்று என்பது இதனாற் பெறப்படும்.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

1983இன் பின் யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் வெள்ளவத்தையின் முகம் மாறியது. காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடையிலான ஒழுங்கைகளில் தனிவீடுகள் இருந்த இடங்களில் தொடர்மாடிகள் எழுந்தன. தொடர்மாடியில் மின்தூக்கி இருப்பது ஒரு நன்மையே. ஆயின் வாயிலிலிருந்து மின்தூக்கிக்குச் செல்லும் வழியில் இரண்டு படிகள் இருப்பின், ஏழாம் மாடியில் வாழும் சக்கர நாற்காலியாளருக்கு அது சிறைக்கோட்டமே. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்தளம் வேண்டும் என்பது உலகெங்கும் வழங்கும் கணக்கு. ஆறு அங்குலப் படியொன்றைக் கடக்க ஆறு அடி போதும். வரைபடத்தில் எளிதாக அமையத்தக்க இவ்வாறு அடி, கட்டி முடிந்த பின் பெருஞ்செலவாகிறது. காலி வீதியில் ஓடும் 100ஆம், 101ஆம் இலக்கப் பேருந்துகளின் மிதிபலகை உயரமும், அவை முழுதாக நில்லாமலே புறப்படும் வழக்கமும் முதியோரையே அச்சுறுத்துவன. ஊன்றுகோலுடன் நிற்பவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. எனவே முச்சக்கர வண்டியே வழியாகிறது. ஏனையோர் சில்லறைக் காசோடு செல்லும் தூரத்துக்கு இவர் பன்மடங்கு கொடுக்க நேர்கிறது.

கொட்டாஞ்சேனையின் நிலைமை சற்று வேறுபட்டது. ஜம்பட்டா வீதியை அண்டிய ஒடுங்கிய சந்துகளில் வாசற்படி நேரே வீதியில் இறங்குகிறது. பொதுக் கழிப்பறைக் கதவின் அகலம் சக்கர நாற்காலிக்குப் போதாது. ஆயின் இங்கு அயலாரின் உறவு உண்டு. பார்வையற்ற ஒருவரைக் கடை வரை கைபிடித்து அழைத்துச் செல்லும் சிறுவன் இச்சந்துகளில் இன்னும் கிடைப்பான். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வசதி கூடியது, அயல் குறைந்தது. கொட்டாஞ்சேனையில் அயல் நிலைத்தது, வசதி வரவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே அமையாதவிடத்துச் சுயாதீன வாழ்வு முழுமை பெறாது.

புலம்பெயர்வு இதனோடு பிறிதொரு சிக்கலையும் சேர்த்துள்ளது. உடன்பிறந்தோர் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, முதிய தாயோடு கொழும்பில் எஞ்சியிருக்கும் மாற்றுத்திறனாளிக்கு மாதந்தோறும் பணம் வருகிறது. உதவியாளரும் அமர்த்தப்படுகிறார். ஆனால் அவரைத் தெரிவுசெய்பவரும் சம்பளம் கொடுப்பவரும் அயல்நாட்டில் உள்ளவரே. உதவி பெறுபவர் நாற்பது வயதிலும் 'பிள்ளை'யாகவே நடத்தப்படுகிறார். அன்பு இங்கு குறைவில்லை. குறைவது தீர்மானிக்கும் உரிமை. தாய் மறைந்தபின் இல்லமொன்றுக்கு அனுப்புவதென்ற முடிவும் அவரைக் கேளாமலே எடுக்கப்படுகிறது.

மறுப்புரைகள்

சுயாதீன வாழ்வு மேல்நாட்டுக் கருத்து, தமிழர் குடும்பப் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று கூறுவாருளர். குடும்பம் தாங்கும்வரை தாங்கட்டும் என்பதில் முரணில்லை. குடும்பம் சிதறிய காலத்தில், சிதறாத குடும்பத்தை ஆதாரமாகக் கொண்ட ஒழுங்கு எவ்வாறு நிலைக்கும் என்பதே கேள்வி. வருவோர் சிலரே, அவர்க்காக ஏன் செலவிடுவது என்று கேட்போரும் உளர். படிகள் இருப்பதால் அவர்கள் வருவதில்லை; அவர்கள் வராமையால் படிகள் நீங்குவதில்லை. இவ்வட்டத்தை உடைக்கும் பொறுப்பு படியைக் கட்டியவர்களுக்கே உரியது.

இந்நூற்றாண்டிற் பெயர்கள் பல மாறின. அங்கவீனர் என்றனர், வலுவிழந்தோர் என்றனர், இப்போது மாற்றுத்திறனாளிகள் என்கின்றனர். சொல் மாற்றம் மதிப்பின் மாற்றத்துக்கு அறிகுறியாதலின் வரவேற்கத்தக்கதே. ஆயின் மாற்றுத்திறனாளி என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு, விழாவை மின்தூக்கியற்ற மேல்மாடியில் நடத்தும் சங்கம், சொல்லை மட்டுமே மாற்றியுள்ளது. இரத்மலானையிற் செவிப்புலனற்றோருக்கும் பார்வையற்றோருக்குமான பாடசாலை 1912இல் தோன்றியது. பிள்ளைகளுக்குக் கல்வி அளித்த இந்த நீண்ட வரலாற்றுக்கு ஈடாக, அப்பிள்ளைகள் வளர்ந்தபின் வாழ்வதற்கான ஊர் உருவாகவில்லை.

ஆலய அறங்காவலர், திருமண மண்டப உரிமையாளர், தொடர்மாடி நிருவாகக் குழுவினர், தமிழ்ச் சங்கத்தார், பல்கலைக்கழக மாணவர் ஆகிய யாவரும் தத்தம் வாயிலை ஒருமுறை அளந்து பார்த்தல் வேண்டும். அளக்கும்போது அவ்வாயிலாற் செல்ல இயலாத ஒருவரையும் உடனழைத்து, அவர் கூறுவதைக் கேட்டல் வேண்டும். ஆபுத்திரன் அவர்களை அழைத்து உணவளித்தான். அவர்கள் பிறர் அழைப்புக்குக் காத்திராது தாமே வந்து, பிறரோடு ஒரே பந்தியில் அமர்ந்து, விரும்பியபோது எழுந்து செல்லும் நாளிலேயே அவ்வறம் உரிமையாக முதிர்ச்சி பெறும்.