பாடநூல் பல்பும் பட்டறை மோட்டாரும்

பத்தாம் வகுப்பில் மின்னியல் பாடம் படித்த வாசகர்களுக்கு இந்தக் கணக்கு நினைவிருக்கும். 220 வோல்ட், 100 வாட் என்று குறிக்கப்பட்ட பல்பு ஒன்றை 110 வோல்ட்டில் இணைத்தால் அது எடுத்துக்கொள்ளும் மின்திறன் எவ்வளவு? என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பயிற்சி வினாவாக வருவது இது. மின்னழுத்தத்தின் இருமடியைத் திறனால் வகுத்தால் மின்தடை 484 ஓம். 110இன் இருமடியை அதனால் வகுத்தால் 25 வாட். விடை சரி, மதிப்பெண்ணும் உண்டு.

ஆனால் இழை பல்பு இந்த விடைக்குக் கட்டுப்படுவதில்லை. முழு ஒளியுடன் எரியும்போது டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 484 ஓம் என்பது அந்நிலைக்குரிய தடை. பல்பை அணைத்து, ஆறவிட்டு, மின்னிணைப்பிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். நாற்பது ஓம் அளவே காட்டும். பாதி மின்னழுத்தத்தில் இழை அவ்வளவு சூடேறாது. ஆகவே தடையும் 484 ஓமுக்குக் குறைவாக இருக்கும். உண்மையில் அந்தப் பல்பு 25 வாட் அல்ல, ஏறத்தாழ அதன் முழுத் திறனில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஓம் விதியைக் கூறுமிடத்தில் அதே பாடம் மறவாமல் சொல்கிறது. பயிற்சிப் பகுதிக்கு வந்ததும் அந்த நிபந்தனை எங்கோ மறைந்துவிடுகிறது! ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் ஓம், அக்கால மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நில்லாததால், செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வெப்பமின் இணையைக் கையாண்டவர். ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து அழுத்தத்தை நிலைநிறுத்தினார். 1827இல் வெளியான அவர் நூலுக்குப் பின்னால் இத்தகைய கண்டிப்பு இருந்தது.

பல்பு விஷயத்தில் இழப்பு பெரிதல்ல. வாட் கணக்கில் சிறு பிழை, அவ்வளவுதான். அதே பாடத்தில் வரும் மோட்டார் கணக்குதான் எனக்குக் கவலை தருகிறது. 220 வோல்ட் இணைப்பில் 5 ஆம்பியர் எடுக்கும் மோட்டாரின் திறனைக் கேட்கிறார்கள். விடை 1,100 வாட். நேர்மின்னோட்டம் என்றால் குற்றமில்லை. நம் வீடுகளுக்கு வருவதோ 230 வோல்ட் மாறுமின்னோட்டம். அதில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். அதை மின்திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். காரணி 0.8 என்றால் பாடநூலின் 1,100 வாட் 880 ஆகிவிடும்.

இன்னும் ஒரு படி போய், 220ஐ 5ஆல் வகுத்து மோட்டாரின் தடை 44 ஓம் என்று எழுதும் மாணவர்களும் உண்டு. மீட்டரில் அளந்தால் சுற்றுக்கம்பியின் தடை சில ஓம்களே. மீதிக்குக் காரணம் கம்பியின் தடையல்ல. மோட்டாரின் காந்தப்புலமும் அது செய்யும் வேலையும்.

இந்த 44 ஓமை நம்பினால் என்ன ஆகும்? மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும், ஆகவே மோட்டாருக்கு ஆபத்தில்லை என்ற முடிவுக்கே வரவேண்டும். நம் ஊர் விவசாயியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். லோ வோல்டேஜில் பம்புசெட் ஓட்டி, காயில் கருகி, ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிச் சென்றவர் அவர். தண்ணீர் இறைக்கும் சுமை அநேகமாக அப்படியே இருப்பதால், குறைந்த அழுத்தத்தில் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்னோட்டம் 20 விழுக்காடு கூடினால் கம்பியில் எழும் வெப்பம் 44 விழுக்காடு கூடும், அது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால். காயில் கருகுவது இதனால்தான். இந்த ஒன்றைப் பாடம் சொல்லாமல் விட்டது பெருங்குறை என்பேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லம் வடகாலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சிப்காட் பூங்காவில் ராயல் என்ஃபீல்டு ஆலை 2017இல் உற்பத்தி தொடங்கியது. பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்திற்கு வேலை தேடி வருவோரில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்தவர்கள் ஏராளம். ஆலைகளில் அவர்கள் காணப்போவது மும்முனை மோட்டார்கள். டாங் டெஸ்டர் 10 ஆம்பியர் காட்டுகிறது, மின்னழுத்தம் 415 வோல்ட் என்றால் பள்ளியில் பழகிய கை 4,150 வாட் என்று எழுதும். காரணி 0.8 ஆனால் சரியான விடை, 1.732 என்ற எண்ணையும் சேர்த்துப் பெருக்க, சுமார் 5,750 வாட். வீட்டு மோட்டாரில் விடை கூடிப்போனது, இங்கே குறைந்துபோகிறது.

பத்தாம் வகுப்பிலேயே மும்முனைக் கணக்கைப் புகுத்தச் சொல்லவில்லை. பல்பு கணக்கில் பல்புக்குப் பதிலாக நைக்ரோம் சுருள் கொண்ட இஸ்திரிப் பெட்டி என்று ஒரு சொல்லை மாற்றினால் 25 விழுக்காடு என்ற விடை அநேகமாகப் பொருந்திவிடும். சூட்டில் நைக்ரோமின் தடை சில விழுக்காடே மாறும். மோட்டார் கணக்கில் நேர்மின்னோட்டம் என்றொரு சொல் சேர்த்தால் போதும். பல்பை விட மனமில்லை என்றால், அதன் தடையை ஆறிய நிலையில் அளந்து, எரியும்போதுள்ள தடையைக் கணக்கிட்டு, இரண்டும் ஏன் பத்து மடங்குக்கு மேல் வேறுபடுகின்றன என்று மாணவரைக் கேட்கலாம். சுவிட்சைப் போடும் கணத்தில்தான் பல்புகள் பெரும்பாலும் பியூஸ் போகின்றன என்பதற்கான விளக்கமும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.