வெறுமையாக்கப்பட்ட நிலமும் தென்னாபிரிக்க ஓவியரும்

இயற்கைக் காட்சிகளைத் தீட்டும் ஓவியன் சமுதாயப் பொறுப்பிலிருந்து தப்பியோடுபவன் என்றொரு கருத்து முற்போக்கு விமர்சகர் சிலரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. மலையும் மரமும் முகிலும் ஓய்வுள்ள வர்க்கத்தாரின் பொழுதுபோக்கு. மனிதனையும் அவன் உழைப்பையும் வரைபவனே மக்கள் கலைஞன் என்பது இக்கருத்தின் சாரம். இதில் உண்மை அறவே இல்லையென நாம் கூறவில்லை. ஆனால் தென்னாபிரிக்க ஓவியத்தை இவ்வொரு கோலால் மாத்திரம் அளக்க முற்படுவோமாயின், மோசஸ் ட்லாடி என்ற கலைஞருக்குப் பெரும் அநீதி இழைத்தவர்களாவோம். அவரைப் பற்றிப் பேசுமுன், அவர் காலத்தில் அந்நாட்டு நிலம் எவருடைய கண்கொண்டு பார்க்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும்.

1929ஆம் ஆண்டு தென்னாபிரிக்கப் புகையிரத நிர்வாகம், ஜொஹன்னஸ்பேர்க் நகரின் புதிய புகையிரத நிலையத்துக்கென 32 ஓவியங்களைத் தீட்டும் பணியை யாக்கோப் ஹென்ட்ரிக் பியர்னீப் என்ற வெள்ளை ஓவியரிடம் ஒப்படைத்தது. நிலக்காட்சிகள் 28, மரங்கள் 4. 1932இல் அவை ஒப்படைக்கப்பட்டன. பிரயாணிகளுக்கு நாட்டின் அழகைக் காட்டி அவர்களை மேலும் பிரயாணஞ் செய்யத் தூண்டுவதே நோக்கம். பியர்னீப் சாமானிய ஓவியர் அல்லர். முகில்களைக் கோபுரங்கள் போல அடுக்குவதிலும், மலைகளைக் கட்டடங்களின் திண்மையோடு நிறுத்துவதிலும் அவருக்கு நிகரானவரை அந்நாட்டில் காண்பது அரிது. அவர் கைத்திறனை மறுப்பது விமர்சனமாகாது. எனினும் அவ்வோவியங்களை வரிசையாக நோக்குபவனுக்கு ஒரு கேள்வி எழுந்தே தீரும்: இந்நாட்டின் மனிதர் எங்கே? றான்ட் தங்கச் சுரங்கத்தைக்கூட அவர் வரைந்திருக்கின்றார். ஆனால் அச்சுரங்கத்தினுள் இறங்கிய கறுப்புத் தொழிலாளர் அவ்வோவியத்தின் பொருளல்லர்.

இவ்வெறுமை அழகியல் விருப்பு மாத்திரமா? 1913ஆம் ஆண்டு யூன் மாதம் 19ஆந் திகதி நடைமுறைக்கு வந்த சுதேசிகள் காணிச் சட்டம், மக்கட்டொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரான ஆபிரிக்கருக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 வீதத்தை ஒதுக்கியது. 1936இல் மற்றொரு சட்டம் அதனை 13 வீதமாக்கியது. அவ்வெல்லைக்கு அப்பால் ஆபிரிக்கன் நிலத்தை வாங்கவுங் கூடாது. குத்தகைக்கு எடுக்கவுங் கூடாது. விளைச்சலில் பங்கு கொடுத்து வெள்ளையரின் காணியில் பயிரிட்டு வந்த குடும்பங்கள் ஆடு மாடுகளோடு தெருவுக்கு வந்தன. சொலமன் பிளாட்ஜே என்ற எழுத்தாளர் சைக்கிளில் ஊரூராகச் சென்று அவர்களைக் கண்டார். 1916இல் அவர் வெளியிட்ட நூலில், வழியில் இறந்த குழந்தையைப் புதைக்கத் தமக்கென ஒரு துண்டு நிலமுமின்றி, இரவோடிரவாகக் களவாய்ப் புதைத்துவிட்டு நடந்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் படிக்கின்றோம். சட்டம் நிலத்தை வெறுமையாக்கிற்று. ஓவியம் அவ்வெறுமையை இயற்கை என்று காட்டிற்று. இந்தச் சேர்க்கையை பியர்னீப் திட்டமிட்டுச் செய்தாரென நாம் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. ஒரு வர்க்கத்தின் பார்வை அதன் கலைஞனுடைய தூரிகையில் அவன் அறியாமலே இறங்கிவிடுவதுண்டு.

இனி ட்லாடியிடம் வருவோம். 1903இல், செகுகுனி மன்னரின் பெயர் தாங்கிய பெடி மக்களின் நாட்டில் அவர் பிறந்தார். பிரித்தானியப் படை அந்நாட்டை வென்றது 1879இல். பிழைப்புத் தேடி ஜொஹன்னஸ்பேர்க் வந்த ட்லாடி, பார்க்டவுன் பகுதியில் ஒரு செல்வர் வீட்டுத் தோட்டக்காரரானார். ஓவியக் கல்லூரி எதிலும் அவர் பயின்றதில்லை. 1931இல் கேப் டவுனிலுள்ள தேசிய ஓவியக் கூடத்தில் அவர் ஓவியங்கள் வைக்கப்பட்டன. அக்கூடத்தில் இடம்பெற்ற முதலாவது கறுப்பு ஓவியர் அவரே.

அவர் வரைந்தவை எவை? தோட்டங்கள், மரங்கள், குன்றுகள், மாலை வெளிச்சம். உயர்த்திய கை இல்லை. போராட்டக் காட்சி இல்லை. நமது கடும் விமர்சகர் இதனைக் கண்டதும் ‘ஐரோப்பியரைப் பின்பற்றிய பணிவான கலை’ என்று தீர்ப்புக் கூறி அப்பாற் செல்லக்கூடும். அவரது பாணியில் ஐரோப்பியச் சாயல் உண்டென்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தோட்டத்தை வரைந்தவர் அதனைக் கொத்தியவர், நீர் ஊற்றியவர். அம்மண்ணின் ஈரம் எங்கே நிற்கும், எம்மரத்தின் நிழல் எவ்வேளையில் எங்கே விழும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரிந்த விடயங்கள். பியர்னீப்பின் நிலத்தைத் தூரத்தே நின்று வியக்கலாம். ட்லாடியின் நிலத்தில் நடக்கலாம். தமக்குச் சொந்தமாக்கிக்கொள்ளச் சட்டம் இடந்தராத நிலத்தை, அதனை அறிந்தவன் என்ற உரிமையோடு ஒரு கறுப்பு மனிதன் தீட்டுகின்றான். 1931இன் தென்னாபிரிக்காவில் இதனைத் தப்பியோட்டம் என்பதா?

அவர் குடும்பத்தோடு வாழ்ந்தது ஜொஹன்னஸ்பேர்க்கின் கென்சிங்டன் ‘பி’ என்னும் பகுதியில். அவ்வீட்டையும் அவர் வரைந்திருக்கின்றார். 1956இல் இனவொதுக்கல் அரசு அப்பகுதியிலிருந்து அக்குடும்பத்தைப் பலவந்தமாக வெளியேற்றி சொவெற்றோவுக்கு அனுப்பியது. அதன் பின்னர் ட்லாடி ஓவியந் தீட்டவில்லை. 1959இல் காலமானார். கலைஞனுக்கும் நிலத்துக்குமுள்ள உறவைப் பற்றி எத்தனையோ தத்துவங்கள் பேசப்படுகின்றன. அந்த மூன்றாண்டு மௌனத்தைக் கணக்கிலெடாத தத்துவம் எதுவும் நமக்கு உதவாது. 2015இல் அதே தேசியக் கூடம் அவர் ஓவியங்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தபோதுதான் பலர் அவர் பெயரையே கேள்வியுற்றனர்.

ஜெராட் செகோட்டோ மனிதரை வரைந்தவர். ஆகவே முற்போக்காளரின் பாராட்டு அவருக்கு எளிதிற் கிட்டியது. அது தகுதியான பாராட்டே. ஆனால் அவர் வரைந்த சோபியாடவுன், கேப் டவுனின் ஆறாம் வட்டாரம், பிரிட்டோரியாவின் ஈஸ்ட்வூட் ஆகிய மூன்று குடியிருப்புகளும் பின்னர் இனவொதுக்கலால் அழிக்கப்பட்டன. தெருவை வரைந்தவருக்கும் மரத்தை வரைந்தவருக்கும் நேர்ந்தது ஒன்றே. 2020இல் மறைந்த புகைப்படக் கலைஞர் சான்டு மொபோகெங், மோட்டோலெங் குகைகளில் வழிபடும் ஏழை மக்களைப் படம் பிடித்தார். அங்கே பாறையையும் மனிதரையும் பிரித்துப் பார்ப்பதே இயலாதிருக்கின்றது.

இனவொதுக்கல் ஆட்சி 1994இல் முடிந்தது. எனினும் 2017ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, தனியார் பெயரிலுள்ள விவசாய நிலத்தில் 72 வீதம் வெள்ளையர் கையிலேயே இருந்தது. பறிக்கப்பட்ட நிலத்தை மீட்டளிக்க 1994இல் இயற்றப்பட்ட சட்டம், 1913 யூன் 19க்குப் பின்னர் நிகழ்ந்த பறிப்புகளை மாத்திரமே ஏற்கின்றது. 1956இன் வெளியேற்றங்கள் அவ்வரம்புக்குள் வருவன. 1879இல் பறிபோன செகுகுனி மன்னரின் நிலத்துக்கு அச்சட்டத்தில் இடமில்லை.