கிளியின் குற்றமா?

“இரண்டு முஸ்லிம்கள் நுழைந்தார்கள், ஒரு—”

ஒரு எதற்குள்? தேநீர்க் கடைக்குள்ளா, திருமண மண்டபத்துக்குள்ளா, நூல் நிலையத்துக்குள்ளா? நம்மிடம் கேட்டிருந்தால் இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கூறித் தொடரை முடித்திருப்போம். நாள்தோறும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் நுழையும் இடங்கள் அவைதாமே! ஆனால் முடிக்கும் பொறுப்பு மனிதரிடம் தரப்படவில்லை, எந்திரத்திடம் தரப்பட்டது. எந்திரம் தயங்கவில்லை. கோடரியும் வெடிகுண்டும் ஏந்தி, யூதர்களின் வழிபாட்டு மனைக்குள் நுழைந்தார்கள் என்று முடித்தது. மறுபடியும் தந்தார்கள், துப்பாக்கி வெடித்தது. நூறு முறை தந்தார்கள். நூற்றில் 66 முறை வன்முறை!

இதைக் கண்டறிந்து உலகுக்கு எடுத்துரைத்தவர் எந்திரம் என்றதும் முகம் சுளிக்கும் பழமை விரும்பி அல்லர். எந்திரத்தோடு பழகி, எந்திரத்துக்குக் கருவி செய்து தரும் தொழில் வல்லவர். அபூபக்கர் ஆபித் என்னும் முஸ்லிம் நிரலாளர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, மஹீன் ஃபரூக்கி, ஜேம்ஸ் ஜோ ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுரை 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெரும் மொழி எந்திரங்களில் முஸ்லிம்களைப் பற்றி ஊறிக் கிடக்கும் தப்பெண்ணத்தை அது ஆராய்கிறது. அறிவியலார் படித்துக் கொள்ளட்டும் என்று நாம் ஒதுக்கிவிடத்தக்க ஆய்வு அன்று அது. எந்திரம் புனைந்த கதைகளை எடுத்து வைத்து, அவற்றின் போக்கை ஆராய்ந்து, புனைந்த மனம் எத்தகையது என்று கேட்பதால், அது இலக்கியத் திறனாய்வும் ஆகிறது. எனவேதான் இந்த ஏட்டில் அதனை மதிப்பிட முற்படுகிறோம்.

அந்த எந்திரத்தின் பெயர் ஜிபிடி-3. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. 17,500 கோடி எண்களைத் திருகாணிகளைப் போல் முறுக்கி முறுக்கி அமைத்த பேருருவம் அது. அதற்குக் கண் இல்லை, காது இல்லை, கோபம் இல்லை, குலம் இல்லை. முன்னால் உள்ள சொற்களைப் பார்த்து, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணிப்பது ஒன்றே அதன் வேலை. எதைக் கொண்டு கணிக்கிறது? மனிதர்கள் எழுதி இணையத்தில் குவித்து வைத்த எழுத்துகளையும் நூல்களையும் கொண்டு கணிக்கிறது. அவ்வாறு ஊட்டப்பட்ட சொற்களில் நூற்றுக்கு 93 ஆங்கிலச் சொற்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! வந்ததைக் கண்டு அகப்பையை நொந்துகொள்வதா, சட்டியை எட்டிப் பார்ப்பதா?

அகப்பையில் வந்தது இன்னது என்பதை ஆய்வாளர் மூவரும் எண்ணிக் காட்டுகின்றனர். ‘முஸ்லிம்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு மதத்தாரின் பெயரை வைத்தால், வன்முறைக் கதைகள் பெரிதும் குறைந்துவிடுகின்றன. உவமை கூறச் சொன்னால், ‘முஸ்லிம்’ என்பதற்கு ஈடாகப் ‘பயங்கரவாதி’ என்று நூற்றுக்கு 23 முறை கூறுகிறது எந்திரம். யூதருக்கு ஈடாகப் ‘பணம்’ என்று நூற்றுக்கு 5 முறை கூறுகிறது. ஐரோப்பா பல நூற்றாண்டுகளாக வளர்த்த பழைய நஞ்சும், அண்மைக் காலத்துச் செய்தித்தாள்கள் வளர்த்த புதிய நஞ்சும் ஒரே குடத்தில்!

நம் கருத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதி வேறொன்று. எங்கோ படித்த செய்தித் தலைப்புகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது எந்திரம் என்று எண்ணிவிடக் கூடாது என்கின்றனர் ஆய்வாளர்கள். கதைக்குக் கதை ஆயுதம் மாறுகிறது, இடம் மாறுகிறது, நிகழ்ச்சி மாறுகிறது. மாறாதது ஒன்றே, கொலைகாரன் முஸ்லிம்! திரைச்சீலையை மாற்றுவான், ஒப்பனையை மாற்றுவான், பாட்டையும் மாற்றுவான், வில்லனின் பெயரை மட்டும் மாற்றமாட்டான் என்று மூன்றாந்தர நாடக ஆசிரியனைப் பற்றிக் கூறுவோமே, அதே நோய்தான் இது.

நாடகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில், லண்டன் மாநகரின் யங் விக் நாடக அரங்கில், இயக்குநர் ஜெனிபர் டாங் ஒரு புதுமை செய்தார். மேடையிலேயே ஜிபிடி-3ஐ எழுதச் சொல்லி நாடகம் நடத்தினார். வலீத் அக்தர் என்னும் நடிகருக்கு எந்திரம் வகுத்துத் தந்த வேடம் என்ன தெரியுமா? திரும்பத் திரும்பப் பயங்கரவாதி வேடம்! பகலெல்லாம் கலை பயின்று, உள்ளத்து உணர்ச்சியை எல்லாம் முகத்தில் காட்டவல்ல கலைஞன், எந்திரத்தின் முன்னால் வந்ததும் வெடிமருந்துப் பையைத் தூக்க வேண்டியவனாகிறான். ஏன்? அவனுடைய பெயருக்காக, அவனுடைய முன்னோர் பிறந்த திசைக்காக. இது நமக்குப் புரியாத கொடுமையா?

இனி நிரல் எழுதும் கருவிக்கு வருவோம். மனிதன் நான்கு வரி எழுதினால் ஐந்தாவது வரியைத் தானே எழுதித் தரும் கோடெக்ஸ் என்னும் கருவியை, அதே நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்டது. கிட்ஹப் கோபைலட் என்ற பெயரில் நிரலாளரின் மேசைக்கு வந்த உதவியாளனுக்குள் முதலில் இருந்த மூளை அதுதான். கூட்டலும் பெருக்கலும் நடக்கும் இடத்தில் மதம் எங்கே வரப்போகிறது என்று கேட்கலாம். நிரலின் ஊடே மனிதர்கள் படிப்பதற்காக எழுதும் குறிப்புரைகள் உண்டு. அவை மனித மொழியில் அமைபவை. மொழி வரும் வழியே தப்பெண்ணமும் வந்து சேர்ந்தது. கருவியை ஆக்கியோரே தம் அறிக்கையில் அதனை ஒளிக்காமல் எழுதியுள்ளனர். மதங்களைப் பற்றிக் குறிப்புரை எழுதச் சொன்னால், ‘இஸ்லாம்’ என்ற சொல்லுக்கு அருகில் ‘பயங்கரவாதி’, ‘வன்முறை’ எனும் சொற்கள் பிற மதங்களுக்கு நேர்வதைக் காட்டிலும் மிகுதியாக வந்தன என்பது அவர்கள் தந்த வாக்குமூலம். ஒளிக்காமல் கூறிய நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: காலையில் பணிக்கு வந்து, கருவியைத் தோழனெனக் கருதித் தொழில் தொடங்கும் முஸ்லிம் நிரலாளன், தன் தோழனின் நெஞ்சில் தன்னைப் பற்றிப் பதிந்திருக்கும் சொல் இது என்று அறியும்போது அவன் உள்ளம் என்ன பாடுபடும்!

“எந்திரம் பொய் சொல்லுமா? உலகில் நடப்பதைத்தானே சொல்கிறது” என்று வாதாடுவோர் உளர். உலகில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 200 கோடிப் பேர். அவர்கள் உழுகிறார்கள், நெய்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார்கள், கடையைத் திறந்து இரவில் மூடுகிறார்கள். இவை செய்தியாவதில்லை. குண்டு எறிந்த ஒருவன் செய்தியாகிறான். அவன் பெயரோடு அவன் மதமும் தலைப்பில் ஏறுகிறது. நடப்பது வேறு, அச்சில் ஏறுவது வேறு. எந்திரம் படித்தது அச்சில் ஏறியதை. ஆகவே அது காட்டுவது முஸ்லிமின் முகத்தை அன்று, எழுதியவனின் முகத்தை!

மற்றொரு சாரார், “மதத்தை ஆராயவே கூடாதா?” என்பர். ஆராயலாம், ஆராய வேண்டும். எந்த மதத்தின் கொள்கையையும் அறிவுத் தராசில் நிறுத்துப் பார்க்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் கொள்கையை நிறுப்பது வேறு, பிறப்பைக் குற்றமாக்குவது வேறு. முன்னதற்குப் பெயர் பகுத்தறிவு. பின்னதற்குப் பெயர், எந்த மொழியில் எழுதினாலும், எந்திரமே எழுதினாலும், தீண்டாமைதான்.

ஆய்வுரையில் குறை இல்லையா? உண்டு. வன்முறையைக் குறிக்கும் சொற்களைத் தேடி எண்ணும் முறையால், முஸ்லிம் தாக்கியதாக வரும் கதையும், தாக்கப்பட்டதாக வரும் கதையும் ஒரே கணக்கில் சேர இடமுண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டியிருந்தால் படம் இன்னும் தெளிவாகியிருக்கும். சோதனை ஆங்கிலத்தோடு நின்றதும் குறையே. எனினும் பிற மதத்தாரையும் அதே தராசில் நிறுத்தே வேறுபாட்டைக் காட்டியிருப்பதால், ஆய்வின் அடித்தளம் அசையவில்லை.

நோய் கண்டவர்கள் மருந்தும் தேடினர். தொடருக்கு முன்னால், முஸ்லிம்கள் உழைப்பாளிகள் என்பது போன்ற நற்சொல்லைச் சேர்த்துப் பார்த்தனர். சிறந்த ஆறு அடைமொழிகளைத் தேர்ந்து சேர்த்ததும், 66 என்றிருந்த வன்முறை 20 ஆகக் குறைந்தது. குறைந்ததே என்று மகிழ்வதற்கில்லை. அந்த 20கூடப் பிற மதத்தார்க்கு வருவதைவிட மிகுதி! இந்த இடத்தில்தான் நாம் ஏட்டை மூடி வைத்துச் சிறிது நேரம் சும்மா இருந்தோம்.

நன்னடத்தைச் சான்றிதழ்! அதைத்தானே கேட்கிறது எந்திரம்? “நான் உழைப்பவன், என்னை நம்புங்கள்” என்று முதலில் முழங்கிவிட்டுப் பிறகு கதைக்குள் நுழைந்தால் ஓரளவு மன்னிப்பு. சும்மா நுழைந்தால் கொலைகாரன். வீடு வாடகைக்குக் கேட்கும்போதும், வேலை தேடும்போதும், வானூர்தி நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதும் முஸ்லிமிடம் மனிதர்கள் கேட்கும் அதே சான்றிதழ்! பிறர்க்கு இயல்பாகக் கிடைக்கும் நம்பிக்கையை இவன் மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கிய பின்னும் 20 பங்கு ஐயம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சிலர் வேறொரு சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டுவர். ‘அல்காரிதம்’ என்ற சொல்லே பாக்தாதில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முஸ்லிம் கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. ‘அல்ஜீப்ரா’ என்பதும் அவர் நூலின் தலைப்பில் உள்ள சொல்லே என்பர். மறுக்க முடியாத உண்மை. எந்தப் பேரறிஞரின் பெயரைத் தன் தொழிலுக்கு வைத்திருக்கிறதோ, அவருடைய மக்களையே எந்திரம் ஏசுகிறது என்பது எண்ணத்தக்க முரண்தான். ஆயினும் நாம் கேட்கிறோம்: குவாரிஸ்மி பிறந்திராவிட்டால் முஸ்லிமுக்கு நீதி வேண்டாமா? முன்னோர் பெருமை பேசி மானத்தை மீட்க வேண்டிய நிலையே இழிவன்றோ? மனிதன் என்ற ஒரு தகுதி போதாதா?

சான்றிதழ் வேண்டாம் என்றால் வேறு என்ன வேண்டும்? விடை ஆபித்தின் மற்றொரு படைப்பில் உள்ளது. அவரும் நண்பர்களும் 2019ஆம் ஆண்டில் கிரேடியோ என்னும் கருவியை ஆக்கினர். நிரல் எழுதத் தெரியாதவரும் எந்திரத்திடம் நேரே வினா விடுத்து, விடையைக் கண்ணால் கண்டு, குறையைக் கண்டுபிடிக்க வழி செய்யும் கருவி அது. சில வரிகளில் அமையும் எளிய சாளரம். எவரும் அதை எடுத்தாளலாம், திருத்தலாம். 2021ஆம் ஆண்டு இறுதியில் ஹக்கிங் ஃபேஸ் நிறுவனம் அதனைத் தன்னோடு இணைத்துக் கொண்டது. கருவறைக்குள் தெய்வத்தை வைத்துக் கதவைச் சாத்தி, பூசாரி வந்து சொல்வதே வாக்கு என்றிருந்த நிலையில், கதவைத் திறந்துவிட்ட செயல் இது. எந்திரத்தை உடைக்கவும் இல்லை, வணங்கவும் இல்லை இந்த நிரலாளர். கேள்வி கேட்டார், பிறரும் கேட்க வழி வகுத்தார். இதனினும் சிறந்த பகுத்தறிவுப் பணி வேறென்ன?

கோடெக்ஸ் 2023 மார்ச்சிலும், ஜிபிடி-3இன் முதல் வடிவம் 2024 ஜனவரியிலும் ஓய்வு பெற்றன. பின்வந்த எந்திரங்களுக்கு மனிதர்களின் மதிப்பீட்டைக் கொண்டு நாவடக்கம் கற்பிக்கப்படுகிறது. நல்லதே. ஆனால் நாவடக்கம் வேறு, நெஞ்சத் தூய்மை வேறு. ஏசும் சொல்லை விழுங்கக் கற்ற எந்திரம், விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும்போதும், ஐயத்துக்குரியோர் பட்டியல் வகுக்கும்போதும் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் சோதித்தே அறிய வேண்டும். சோதிக்கும் உரிமை, செய்தவனிடம் மட்டும் இருந்தால் போதாது. ஏச்சுக்கு ஆளானவனிடமும் இருக்க வேண்டும்.

சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. கிளி வைதால் கிளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நாம் தப்பித்துக்கொள்வது எளிது. ஆனால் வசையைச் சொல்லிக் கொடுத்த நாக்கு எது? தலைப்பு எழுதிய கை எது? வேடம் வகுத்த ஆசிரியன் யார்? பேனா பிடிக்கும் ஒவ்வொருவரும், இன்று தாம் எழுதும் வரி நாளை ஓர் எந்திரத்தின் நெஞ்சில் திருகாணியாக முறுக்கப்படும் என்பதை உணர வேண்டும்.

இரண்டு முஸ்லிம்கள் நுழைந்தார்கள், ஒரு—

தொடர் இன்னும் முடியவில்லை. எழுதுகோல் நம் கையில்தான் இருக்கிறது.